முப்பத்தேழு புளியங்கொட்டை

ஏலே மக்கா,

பொங்கலுக்கு வந்தப்போ திண்ணையில உக்காந்து ஒரு கவிதை வாசிச்சுக் காட்டினியே, 'தப்பியோடியவனின் தனிமை'ன்னு, அது இன்னும் காதுலயே நிக்குது. நல்லாருக்குன்னு அன்னைக்கே சொல்லிட்டேன். உங்க பாட்டி பக்கத்துல இருந்தா, வேற என்னத்தச் சொல்ல? நீ பஸ் ஏறின பொறவு அந்தத் தாளை எடுத்து வச்சுக்கிட்டு, 'நான்' வார இடத்துக்கெல்லாம் ஒரு புளியங்கொட்டை எடுத்துப் போட்டேன். 37 வந்துச்சு. கவிதையே 42 வரிதான். மிச்சம் அஞ்சு வரியை எதுக்குலே சும்மா விட்டே?

கோவிச்சுக்காத. எனக்கு என்ன தெரியும்? நாப்பது வருசம் வில்லுப்பாட்டுல இடம் பாடினவன். புலவர் ஒரு வரி எடுத்துவிட்டா 'ஆமா'ன்னு போடுததுதான் உத்தியோகம். ஊருல எனக்கு ஆமாஞ்சாமின்னே பேரு. நீ எம்.ஏ. முடிச்சு ஆராய்ச்சிக்குப் போயிருக்க பிள்ளை. அந்த அமெரிக்கக் கவிஞன் ராபர்ட் ஹேடன், தப்பியோடின அடிமைகளைப் பத்தி எழுதின 'ரன்அகேட் ரன்அகேட்' கவிதையை நாலு ராத்திரி வரிக்கு வரி தமிழ்ல சொல்லிக் காட்டினே. 'பன்முகக் குரல்'னே, 'குரல்களின் ஊடாட்டம்'னே. எல்லாத்துக்கும் ஆமா போட்டேன். பழக்கதோசம். ஆனா நீ சொன்னதை நான் கேட்டுக்கிட்டேன், நீ கேட்டுக்கிடலன்னு உன் கவிதையப் பாத்தப்பதான் தெரிஞ்சுது.

உன் ஆளு ஓடுதான். கால்ல விலங்குத் தழும்பு, பின்னால நாய். ஓடுத ஓட்டத்துலயே செவ்வானத்தை அண்ணாந்து பாத்து, 'வானமே, உன் ரத்தமும் என் ரத்தமும் ஒன்றா'ன்னு கேக்கான். நாய் என்னலே செய்யும், வானம் பதில் சொல்லுத வரைக்கும் அதுவும் நின்னு கேக்குமா? எனக்குப் பன்னெண்டு வயசுல மேலத்தெரு விளையில நுங்கு திருடப் போயி நாய் விரட்டிச்சு. அரை மைல் ஓடினேன். ஒரு உவமைகூடத் தோணல. இடுப்புத் துண்டு அவுந்து விழுந்ததே வீட்டு வாசல்ல எங்க அம்மா சொல்லித்தான் தெரியும்.

ஹேடன் அதைத் தெரிஞ்சவன். அவன் கவிதை தொடங்குத இடத்துல காற்புள்ளி கிடையாது, முற்றுப்புள்ளி கிடையாது. வினைச்சொல்லு ஒண்ணு மேல ஒண்ணு இடிச்சுக்கிட்டு வருது. இருட்டு, வேட்டைக்காரன், நாய், குளிரு, தாண்ட வேண்டிய ஆறு எல்லாம் மூச்சு வாங்காம வரிசை கட்டுது. நீ அதுக்கு என்னமோ இலக்கணம் சொன்னே. எனக்கு அது இளைப்புன்னு பட்டுச்சு, அவ்வளவுதான். அந்த ஓட்டத்துல 'நான்' எங்க இருக்குன்னு உன்னைத் திரும்பத் திரும்பக் கேட்டேன், ஞாபகம் இருக்கா? ரொம்பத் தூரம் போயி ஒரே ஒரு தடவை தலையைக் காட்டுது. அதுவும் தன்னைப் பத்தி எடுத்துச் சொல்ல வரல, விடியுத இடம் எப்ப வரும்னு கேக்க வருது. ஒரே ஒரு புளியங்கொட்டை.

அந்தத் தலைப்பையும் பாரு. ரன்அகேட்னா பழைய ஆங்கிலச் சங்கீதப் புத்தகத்துல கிடக்க வார்த்தைன்னு சொன்னே. ஓடுகாலி, கட்டுக்கு அடங்காதவன்னு ஏசுத வார்த்தை. எசமான் வாயில இருந்து வார ஏச்சை எடுத்து, ரெண்டு தடவை சொல்லித் தலைப்பா வச்சுட்டான். ஒரு தடவை சொன்னா ஏச்சு. ரெண்டாம் தடவை சொல்லும்போது அதே வார்த்தை 'ஓடு ஓடு'ன்னு கைதட்டுத மாதிரிக் கேக்குது. நீ வச்ச தலைப்புல 'தனிமை'ன்னு கிடக்கு. தனியா ஓடினவன் சங்கதியை உனக்கு வந்து யாரு சொன்னா?

ஓடுதவனுக்குப் பேச மூச்சு கிடையாது. பேச நேரம் இருக்கது யாருக்கு? வீட்டுல சாஞ்சு உக்காந்து மசி தொட்டு எழுதுதவனுக்கு. அதனால ஹேடன் என்ன செய்யுதான், ஓட்டத்தைச் சடக்குனு நிறுத்திட்டு எசமானைப் பேச விடுதான். பத்திரிகை விளம்பரம். முப்பது வயசுல ஒருத்தன், இன்ன கால்சட்டை, இன்ன காலுறை, இன்ன செருப்பு. கூட ஒரு பொம்பளப்பிள்ளை, ரெண்டு கன்னத்துலயும் சூடு போட்ட எழுத்து. கண்டா பிடிச்சுத் தகவல் சொல்லுங்க. அந்தச் சூட்டை யாரு போட்டான்னு விளம்பரத்துல இருக்காது. இருக்கவும் வேண்டாம்.

அதோட விட்டானா? அதே எசமான் குரலு பைய மாறுது. பிடிக்கப் போனா பூமிக்குள்ள போயிருவாங்க, சுழிக்குள்ள முங்கிருவாங்க, தேளா மாறிருவாங்கன்னு போகுது. கணக்குப்பிள்ளை மாதிரித் தொடங்கினவன் பேய்க்கதை சொல்லுதவன் மாதிரி முடிக்கான். அந்த இடத்துல நான் உண்மையிலேயே ஆமா போட்டேன், நீ கவனிக்கல. பயந்தது ஓடினவன் மட்டும் இல்ல, பாத்துக்க. அதைக் கவிஞன் தன் வாயால சொல்லல. எசமான் வாயிலயே அம்புட்டையும் வரவச்சுட்டான்.

எங்க வில்லுல கொலைகாரன் பேச்சு வந்தா குடம் அடிக்கவரு பேசுவாரு. அவரு பேசினா கூட்டத்துல பிள்ளைய அழும். மறுநாள் டீக்கடையில அவருக்குக் கடன் கிடையாது. அதுதாம்லே அவருக்குப் பரிசு. உன் கவிதையில எசமான் ஒரே ஒரு தடவை வாயைத் திறக்கான். 'ஹா ஹா'ன்னு சிரிக்கான். எம்.என்.நம்பியார்கூட அதைவிட ரெண்டு வார்த்தை கூடப் பேசிருப்பாரு.

விளம்பரம்னதும் நீ இன்னொண்ணு சொன்னே. நீ கட்டுரைக்குக் குறிப்பு எடுத்ததை நான் நெஞ்சுல எழுதி வச்சிருக்கேன். 1769 செப்டம்பர்ல 'வர்ஜீனியா கெசட்' பத்திரிகையில ஒரு எசமான் விளம்பரம் போட்டாரு. சாண்டின்னு ஒரு அடிமை ஓடிட்டான். வயசு 35 இருக்கும். குட்டையான ஆளு, தடிச்ச உடம்பு. செருப்புத் தைக்க தொழில், பெரும்பாலும் இடது கைப் பழக்கம், தச்சு வேலையும் சுமாராத் தெரியும். குடிப்பான். குடிச்சா மரியாதை கிடையாது, கெட்டவார்த்தைதான். போகும்போது ஒரு வெள்ளைக் குதிரையையும் செருப்புத் தைக்க சாமானையும் கொண்டு போயிட்டான். அந்த வட்டாரத்துக்குள்ள பிடிச்சா 40 ஷில்லிங், மாகாணத்துக்குள்ளன்னா 4 பவுண்டு, வெளியில போயிப் பிடிச்சா 10 பவுண்டு. போட்டது யாருன்னா தாமஸ் ஜெபர்சன். ஏழு வருசம் கழிச்சு, 1776ல, அதே கைதான் அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தை எழுதுச்சு. சாண்டி அகப்பட்டுட்டான். 1773ல அவனை 100 பவுண்டுக்கு வித்தாச்சு.

அந்தச் சாண்டியை நீ எழுதிருந்தா எப்படி எழுதிருப்பேன்னு எனக்குத் தெரியும். குடிக்க மாட்டான், யாரையும் ஏச மாட்டான், கண்ணுல தீ இருக்கும், கையில விலங்கு இருக்கும். ஊருக்கு ஒரு சிலை. எசமான் வஞ்ச வசவுலதான் சாண்டி இன்னைக்கும் உசிரோட இருக்கான். இடது கையால செருப்புத் தைக்க ஒரு குடிகாரன். ஒளிஞ்சு போறவன் எவனாவது வெள்ளைக் குதிரையில போவானா? இவன் போனான். அந்தத் தெனாவெட்டு உனக்கும் எனக்கும் கற்பனையில வராது. பிடிக்க எழுதின விளம்பரமே அவனுக்குப் படம் வரைஞ்சு வச்சுட்டு.

இதை முதல்ல கண்டுபிடிச்சவங்க கவிஞங்க இல்லங்கதையும் நீதான் சொன்னே. 1839ல அடிமைமுறையை எதிர்த்த தியடோர் வெல்டும், அவரு வீட்டுக்காரி ஏஞ்சலினா கிரிம்கியும், அந்தம்மாவோட அக்கா சாராவும் தெற்குப் பத்திரிகைகளைக் கட்டுக்கட்டா வாங்கி, கத்தரிக்கோலும் கையுமா உக்காந்து விளம்பரத்தை வெட்டி எடுத்தாங்க. முதுகுல சவுக்குத் தழும்பு, காதுல வெட்டு, கழுத்துல இரும்புன்னு எசமானுவளே அடையாளம் சொல்லிருக்கானுவ. அதை அப்படியே புஸ்தகமா அடிச்சாச்சு. 'நாங்க அடிமைகளை நல்லாத்தான் வச்சிருக்கோம்'னு சொல்லிக்கிட்டிருந்தவங்களுக்கு அவங்க கையெழுத்தே சாட்சியாப் போச்சு.

பாட்டு சங்கதிக்கு வாரேன். ஹேடன் கவிதையில ஓட்டத்துக்கு நடுவுல, விளம்பரத்துக்கு நடுவுல, வேதப் பாட்டுத் துண்டு துண்டா வந்து விழுது. யாரு பாடுதான்னு பேரு போடல. முழுப் பாட்டும் கிடையாது. பக்கத்துத் தோட்டத்துல பாடுதது காத்துல அடிச்சுக்கிட்டு வார மாதிரி அரை வரி, கால் வரி. இதுல நீ அப்பிராணியா ஏமாந்த கதை ஒண்ணு இருக்கு. சுரைக்குடுக்கைப் பாட்டுன்னு ஒண்ணு, அதுல வடக்கே போற வழியெல்லாம் ரகசியமா இருக்கும்னு கண்ணை விரிச்சுச் சொன்னே. அச்சுல எப்ப வந்துச்சுன்னு கேட்டேன். 1928னே. அடிமைமுறை ஒழிஞ்சது 1865லன்னும் நீயே சொன்னே. ரகசியம் அறுபது வருசம் ரொம்ப நல்லாத்தான் காப்பாத்தப்பட்டிருக்கு.

ஆனா பாட்டைச் சைகையா வச்சது முழுப் பொய்யும் இல்ல. தானும் தப்பிச்சு, மத்த அடிமைகளையும் கூட்டிட்டுப் போன ஹேரியட் டப்மனைப் பத்தி சாரா பிராட்ஃபோர்டு எழுதின புஸ்தகம் 1869லயே, டப்மன் உசிரோட இருக்கும்போதே வந்துட்டு. காட்டுக்குள்ள ஒளிஞ்சிருக்கவங்களுக்கு, இன்ன பாட்டுன்னா வெளிய வரலாம், இன்ன பாட்டுன்னா அப்படியே கிடன்னு அந்தம்மா பாடிச் சொன்னதா அதுல இருக்கு. எசமான் காதுக்கு அது சாமி பாட்டு. புதருக்குள்ள இருக்கவனுக்கு உத்தரவு. நீ பன்முகக் குரல்னு சொன்னதுக்கு எனக்கு விளங்கின அர்த்தம் அதுதான். ஒரே வாயி, கேக்க காதுதான் ரெண்டு.

டப்மனை ஹேடன் கொண்டுவார இடம் கவிதையோட ரெண்டாம் பாகம். அங்கன 'நான்' போயி 'நாங்க' வந்துருது. கூடப் போயி மீண்டு வந்த ஒருத்தர் சபையில எந்திரிச்சு நின்னு சாட்சி சொல்லுத மாதிரி. நிலா வெளிச்சம், ஒளிய இடம் இல்ல, குதிரையில ரோந்து, நாய்ச் சத்தம். கூட்டத்துல ஒருத்தருக்குப் பயம் வந்து, முடியாது முடியாதுன்னு முனகச் சத்தம் கிளம்புது. அந்தம்மா திரும்புதா. கையில துப்பாக்கி. நட, இல்ல செத்துப்போ.

நீ எழுதிருந்தா அந்த இடத்துல அவ கண்ணீரைத் துடைச்சு விட்டு, 'மகனே, விடியல் தூரமில்லை'ன்னு சொல்லிருப்பா. ஒருத்தன் திரும்பிப் போனா அடிச்சே அவன் வாயில இருந்து அத்தனை வீட்டையும் அத்தனை ஆளையும் கக்க வச்சிருவானுவ. அவளுக்குத் தெரியும். 1849 செப்டம்பர்ல அவ முதல்ல கிளம்பும்போது தம்பிமாரு ரெண்டு பேரும் கூட வந்தாங்க. பாதி வழியில பயந்து, அவளையும் இழுத்துக்கிட்டுத் திரும்பிட்டாங்க. பொறவு அவ தனியாக் கிளம்பிப் போனா. தம்பியை நம்பிக் கெட்டவ கையில பிற்பாடு துப்பாக்கி இருந்துச்சுன்னா எனக்கு ஆச்சரியம் இல்ல. இது என் கணக்கு, உன் ஆராய்ச்சியில போட்டு என்னை மாட்டி விட்டுறாத.

அந்த முதல் ஓட்டத்துக்கும் ஒரு விளம்பரம் உண்டு. 1849 அக்டோபர் 3 தேதி போட்டது. எசமானி எலைசா பிராடஸ் கொடுத்தா. மூணு பேருக்கும் சேத்து 300 டாலர். மேரிலாந்துக்கு வெளிய பிடிச்சா தலைக்கு 100, உள்ளயே பிடிச்சா 50. அதுல அவ பேரு ஹேரியட் இல்ல, மிண்டி. அராமிண்டாங்கதோட சுருக்கம். வயசு 27, உயரம் அஞ்சடி, பாக்க லட்சணமானவன்னு கிடக்கு. அந்த விளம்பரம் வந்த பத்திரிகை 2003ல ஒரு குப்பைத்தொட்டியில இருந்து கிடைச்சுது. அவளோ விளம்பரத்தையே முந்தக் கத்துக்கிட்டா. ஆளுங்களைச் சனிக்கிழமை ராத்திரி கிளப்புவா. ஞாயித்துக்கிழமை விளம்பரம் அச்சாகாது. திங்கக்கிழமை எசமான் பேனாவை எடுக்கும்போது இவங்க ரெண்டு ராத்திரி தள்ளிப் போயிருப்பாங்க. 1850ல ஓடினவனை வடக்குல இருந்தும் பிடிச்சுக் கொடுக்கணும்னு சட்டம் வந்த பொறவு, நேரே கனடாவுக்கு.

ஒரு தொகையைச் சொன்னே, அவ தலைக்கு 40,000 டாலர்னு. அடுத்த நாளே அது கட்டுக்கதையாம் தாத்தான்னு வந்து நின்னே. எனக்குச் சிரிப்பு வந்துச்சு. நாங்களும் வில்லுல கூட்டித்தான் சொல்லுவோம். ஒத்தை வெட்டு வெட்டினவன் கொடை முடியும்போது ஒம்பது தலை எடுத்திருப்பான். முன்னூறு பேரைக் கூட்டி வந்தான்னாங்க. தேடிப் பாத்தவங்க கணக்குல ஏறக்குறைய 13 தடவை போயி 70 பேரைக் கூட்டிட்டு வந்திருக்கா. ஒருத்தரையும் வழியில விடல. சின்ன வயசுல ரெண்டு பவுண்டு எடைக்கல்லால மண்டையில அடிபட்டு, இருந்த இருப்புல தூங்கி விழுதவ. அவளுக்கு எதுக்குலே தொகையைக் கூட்டணும்?

ஹேடன் அந்த எடத்துல பாராட்டுப் பத்திரம் வாசிக்கல. எசமானுவ ஒட்டின 'பிடிச்சுக் கொடு' நோட்டீசையே வச்சிருக்கான். ஜெனரல்னு ஒரு பட்டப்பேரு, மோசேன்னு ஒரு பட்டப்பேரு, கூட்டாளி இன்னின்னாருன்னு பெரிய பெரிய எழுத்தாளங்க பேரு, ஆயுதம் வச்சிருக்கா, உசிரோடயோ பிணமாயோ. வஞ்சதெல்லாம் வாழ்த்தாப் போச்சு பாத்தியா.

பேரு மாறுத சங்கதி அந்தக் கவிஞனுக்குப் புதுசு இல்ல. 1913 மார்ச்ல டப்மன் கண்ணை மூடினா, ஆகஸ்ட்ல இவன் டெட்ராய்ட்ல பிறந்தான். பெத்தவங்க வச்ச பேரு ஏசா பண்டி ஷெஃபி. வளத்தவங்க ஹேடன் குடும்பம். அவங்க தன்னைச் சட்டப்படி தத்தெடுக்கலன்னே நாப்பது வயசுலதான் அவனுக்குத் தெரிய வந்துச்சாம். கண்ணுக்குச் சோடாப்புட்டிக் கண்ணாடி, விளையாட்டுக்கு ஆகாது, புஸ்தகம்தான். முப்பதுகள்ல அரசாங்கம் எழுத்தாளர்களுக்கு வேலை கொடுத்தப்போ, மிச்சிகன்ல அடிமைங்க தப்பிச்சுப் போன தடத்தைத் தேடி எடுக்கத வேலை இவனுக்கு. அவன் பிறந்த ஊரே அந்தத் தடத்தோட கடைசி நிலையம். டெட்ராய்ட்டுக்கு ரகசியப் பேரு 'நடுராத்திரி'. ஆத்துக்கு அக்கரை கனடா. ஒண்ணு தெரியுமா, அந்த எடத்துல கனடா இருக்கது டெட்ராய்ட்டுக்குத் தெற்கே. ஆயிரம் மைல் வடக்கு வடக்குன்னு நட்சத்திரத்தைப் பாத்து நடந்தவன், கடைசி அடியைத் தெற்கு பாத்து வச்சாத்தான் அக்கரை. இதை நீ பேச்சுவாக்குல சொல்லிட்டு டீ குடிக்கப் போயிட்டே. எனக்கு அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல.

அவன் அந்தக் கவிதையை 1949ல ஒரு தொகுப்புல போட்டான். பொறவு எடுத்து வச்சு வெட்டினான், மாத்தினான். இப்ப எல்லாரும் வாசிக்கது 1966ல வந்த தொகுப்புல இருக்கது. 17 வருசம். நீ ரெண்டு டீக்கு நடுவுல எழுதி, மூணாவது டீக்கு முன்னாடி பத்திரிகைக்கு அனுப்பிட்டே. அதே 1966ல டக்கார்ல நடந்த உலகக் கறுப்பர் கலை விழாவுல இவனுக்குப் பெரிய பரிசு. அதே வருசம், தான் பாடம் நடத்துன ஃபிஸ்க் பல்கலைக்கழகத்துலயே எழுத்தாளர் மாநாட்டுல இளவட்டங்க சேந்து, கறுப்பன் குரலா ஓங்கிப் பேசலன்னு இவனைக் கிழிச்சாங்க. தன் குரலை அடக்கி ஊருக் குரலை எல்லாம் உள்ள விட்டவனை, உன் குரல் எங்கன்னு கேட்டாங்க. உனக்கு அந்தக் கவலை வராது.

ஹேடனோட இன்னொரு கவிதை சொன்னியே, அடிமைக் கப்பல் கவிதை, 'மிடில் பாசேஜ்'. அதுல கப்பல்காரன் நாட்குறிப்பு இருக்கு, கோர்ட்டு வாக்குமூலம் இருக்கு, சாமி பாட்டு இருக்கு. 1839ல அமிஸ்டாட் கப்பல்ல கலகம் பண்ணின சிங்கேதான் கதாநாயகன். அவன் ஒரு வார்த்தை பேசல. அவனால அடிபட்டுத் தப்பிச்ச ஸ்பானியக்காரன்தான் கோவமா முறையிடுதான். முறையிட முறையிட சிங்கே வளந்துக்கிட்டே போறான். வில்லுல எங்க புலவர் சொல்லுவாரு, சுடலைமாடனை மேடையில நிக்க வைக்காத, பாத்துப் பயந்தவனை நிக்க வையின்னு. அந்தப் புலவருக்கு இங்கிலீசு தெரியாது.

சித்திரைக் கொடைக்கு வந்துரு. கவிதையைத் திருப்பி எழுதிக்கிட்டு வா. நாயை வச்சிருக்கவன் என்ன பேசினான், நோட்டீசு அச்சுக் கோத்தவன் என்ன நினைச்சான், கதவைத் திறந்து சோறு போட்டவ பக்கத்து வீட்டுக்காரிகிட்ட என்ன பொய் சொன்னா, இதெல்லாம் எனக்குக் கேக்கணும். அந்தப் புளியங்கொட்டையில 36ஐ உங்க பாட்டி பல்லாங்குழிக்கு எடுத்துட்டா. ஒண்ணு மிச்சம் இருக்கு, உனக்குன்னு எடுத்து வச்சிருக்கேன்.